பாறையைத் தொட்டவர்களின் பதக்கம்

உல்லாப்பூல் துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் சாலையில் அரை மணி நேரம்கூட ஆகாது. வீடுகள் குறைந்து, பிறகு மரங்களும் குறைந்து, பழுப்பும் பச்சையும் கலந்த சதுப்பு வெளி விரிகிறது. இடப்பக்கம் செம்பழுப்பு மணற்கல் மலைகள் ஒவ்வொன்றும் தனியாக எழுந்து நிற்கின்றன. வலப்பக்கம் நீளமான ஒரு பாறைச் சரிவு. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் அசின்ட் வட்டாரம் இது. சுற்றுலா வருகிறவர்கள் மலைகளைப் படம் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நிலவியல் படித்தவர்கள் வலப்பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். அந்தச் சரிவின் பெயர் நாக்கன் கிராக்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு மேலே, புல் வேய்ந்த கூரையோடு திறந்தபடி ஒரு சிறு கூடம். உள்ளே விளக்கப் பலகைகள். காவலுக்கு ஆள் இல்லை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் ஏறினால் பாறை முகம் கண்ணெதிரே வருகிறது. கீழே வெளிறிய மஞ்சளில் சுண்ணாம்புக்கல். மேலே கருஞ்சாம்பல் நிறத்தில், தகடு தகடாகப் பிரியும் மோய்ன் சிஸ்ட். இரண்டையும் பிரித்து ஒரு கோடு ஓடுகிறது. பெருவிரலைக் கீழ்ப்பாறையிலும் மற்ற விரல்களை மேல்பாறையிலும் ஒரே நேரத்தில் வைக்க முடிகிறது. வைத்தேன். கீழே இருப்பது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. மேலே இருப்பதன் வயது ஏறத்தாழ 100 கோடி.

படிவு அடுக்குகளில் கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது என்பது நிலவியலின் முதல் பாடம். இங்கே மூத்தது இளையதன் மேல் ஏறிக் கிடக்கிறது. சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிக்கொண்டபோது, கிழக்கிலிருந்து ஒரு பெரும் பாறைத் தகடு மேற்கு நோக்கித் தள்ளப்பட்டு, பல பத்துக் கிலோமீட்டர் நகர்ந்து இதன் மேல் வந்து நின்றது. அது நகர்ந்து வந்த தளத்தைத்தான் மோய்ன் தள்ளுப்பிளவு என்கிறார்கள். வடக்கே எரிபோல் கடற்கழியில் தொடங்கித் தெற்கே ஸ்கை தீவு வரை, ஏறக்குறைய 190 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஓடுகிறது. சென்னையில் நிலவியல் படித்தபோது தேர்வுக்காகத் திரும்பத் திரும்ப வரைந்த குறுக்குவெட்டுப் படம் இந்த இடத்தினுடையதுதான்.

பாறைகள் எப்படி மடிந்தன, எப்படி உடைந்தன, எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று ஆராய்கிறவர்கள் கட்டமைப்பு நிலவியலாளர்கள். பிரிட்டனில் அவர்களுடைய சங்கம் டெக்டானிக் ஸ்டடீஸ் குரூப். 1807-ல் தோன்றிய லண்டன் நிலவியல் கழகத்தின் ஒரு பிரிவாக 1970-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு பல்கலைக்கழகத்தில், அவர்கள் கூடுகிறார்கள். பேராசிரியர்கள் வருகிறார்கள், எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள் வருகிறார்கள். ஆனால் முனைவர் பட்ட மாணவர்கள் மேடையேறித் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவதுதான் அந்தக் கூட்டத்தின் உயிர். பரிசுகளும் அப்படித்தான். சங்கத்தின் பெயர்பெற்ற விருதான ராம்சே பதக்கம் வாழ்நாள் சாதனைக்காகத் தரப்படுவதில்லை. முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்த சிறந்த கட்டுரைக்குத் தரப்படுகிறது. டேவ் ஜான்ஸ்டன் பெயரிலான இன்னொரு பரிசு அதைவிட இளையவர்களுக்கு: இளநிலை மாணவர் ஒருவர் களத்தில் நடந்து வரைந்த நிலவியல் வரைபடத்துக்கு.

அமெரிக்க நிலவியல் கழகத்திலும் இதே துறைக்கு ஒரு பிரிவு உண்டு. வாழ்நாள் பங்களிப்புக்கும், துறையை முன்னே நகர்த்திய கட்டுரைக்கும் அவர்கள் விருது கொடுக்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனாலும் என் மனம் இளையவர்களுக்குக் கொடுக்கும் பக்கமே சாய்கிறது. ஏன் என்று கேட்டால் அசின்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

கையால் தொட்டுப் பார்க்க முடிகிற இந்த உண்மையை ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1850-களின் கடைசியில் சர் ரோடரிக் மர்ச்சிசன் சொன்னதே சட்டம். பிரிட்டன் நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமை இயக்குநர் அவர். சிலூரியன் என்ற காலப்பிரிவுக்குப் பெயர் சூட்டியவர். மேற்கிலிருந்து கிழக்கே போகப்போகப் பாறைகள் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, ஆகவே மேலே கிடக்கும் சிஸ்ட் இளைய பாறைதான் என்றார். அபெர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல் மறுத்தார். நடுவே ஒரு முறிவு இருக்கிறது, மேலே இருப்பது பழைய பாறை என்றார். மர்ச்சிசன் 1860-ல் இளைஞர் ஆர்ச்சிபால்ட் கீக்கியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் சுற்றிவந்து, தன் கருத்துக்கு வலு சேர்த்துக்கொண்டார். பதவி ஒரு பக்கம் இருந்தது. நிக்கல் தனியாக இருந்தார். 1879-ல் அவர் இறந்தபோது பாடப்புத்தகங்களில் மர்ச்சிசனின் கருத்துதான் இருந்தது. நாக்கன் பாதையில் நடக்கும்போது எனக்கு அதிகம் நினைவுக்கு வந்தவர் நிக்கல்தான்.

அடுத்து வந்தவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். சார்ல்ஸ் லாப்வொர்த், தெற்கு ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸ் ஊரில் பாடம் நடத்திக்கொண்டே, கிராப்டோலைட் புதைபடிவங்களை வைத்து அந்த வட்டாரத்தின் பாறை வரிசையையே திருத்தி எழுதியவர். பிறகு பர்மிங்காமில் பேராசிரியரானார். 1882-லும் 1883-லும் கோடையில் எரிபோல் கரைக்கு வந்து, சாண் சாணாக அளந்து பெரிய அளவில் வரைபடம் போட்டார். பாறை அடுக்குகள் வெட்டுப்பட்டு, துண்டு துண்டாகச் சரிந்து, ஓட்டுக் கூரையின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது அவருக்குப் புரிந்தது. வேலையின் நடுவே உடல்நலம் குலைந்தது. இரவில் படுக்கையில் கிடக்கும்போது அந்தப் பெரும் பாறைத் தகடு தன் மேல் அரைத்துக்கொண்டு நகர்வதாக அவருக்குத் தோன்றியது என்று பின்னால் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செய்தியை மாணவனாகப் படித்தபோது வெறும் வியப்பாக இருந்தது. பாறை முகத்தின் கீழே நின்றபோது அந்த மனிதர் எவ்வளவு தூரம் தன்னை இந்த வேலைக்குக் கொடுத்திருந்தார் என்பது உறைத்தது.

அதற்குள் கீக்கி ஆய்வுத்துறையின் தலைவராகியிருந்தார். 1883-ல் பென் பீச், ஜான் ஹார்ன் இருவரையும் வடமேற்குக்கு அனுப்பினார். பீச் படம் வரைவதில் கைதேர்ந்தவர்; ஹார்ன் ஒழுங்காக எழுதுகிறவர். தலைவரின் கருத்து எது என்று தெரிந்தே போனவர்கள். திரும்பி வந்து, களத்தில் கண்டது அதற்கு நேர்மாறானது என்று சொன்னார்கள். 1884 நவம்பரில் அவர்களின் அறிக்கை 'நேச்சர்' இதழில் வந்தது. அதே இதழில் கீக்கி தன் பழைய கருத்தைக் கைவிடுவதாக எழுதினார். இந்த இடத்தில் கீக்கியையும் மதிக்க வேண்டும். ஊரறிய எழுதிய ஒன்றை ஊரறியத் திரும்பப் பெறுவது சுலபமல்ல. பீச்சும் ஹார்னும் துறைத் தோழர்களும் தொடர்ந்து நடந்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் முழு வட்டாரத்தையும் வரைந்து முடித்தார்கள். அந்தப் பெருநூல் 1907-ல் வெளிவந்தது. அதன் நூற்றாண்டுக்கு 2007-ல் உல்லாப்பூலில் ஒரு கருத்தரங்கு கூடியது. அதிலிருந்து ஒரு கட்டுரைத் தொகுதி 2010-ல் வந்தது. உலகத்தின் மற்ற மலைத்தொடர்களில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள்.

விருதுகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மறக்க முடியாத ஒரு ஆண்டு 1899. மர்ச்சிசன் தன் உயிலில் விட்டுச்சென்ற பணத்தில் லண்டன் நிலவியல் கழகம் அவர் பெயரில் ஒரு பதக்கம் கொடுத்து வருகிறது. 1899-ன் மர்ச்சிசன் பதக்கம் பீச்சுக்கும் ஹார்னுக்கும் போனது. மர்ச்சிசனின் கருத்தைக் கவிழ்த்தவர்களுக்கு, அவர் கழகமே, அவர் பெயரிலான பதக்கத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு கழகத்தின் மிக உயர்ந்த வோலஸ்டன் பதக்கம் லாப்வொர்த்துக்கு. 1921-ல் பீச், ஹார்ன் இருவருக்கும் அதுவும் வந்தது. ஒரு கழகத்துக்கு இதைவிடப் பெருமை தரும் செய்தி வேறு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நாக்கனிலிருந்து வடக்கே அசின்ட் ஏரியின் தலைப்பில் இன்ச்னடாம்ஃப். ஒரு ஹோட்டல், சில வீடுகள், ஏரிக்கரை மேட்டில் ஒரு நினைவுக்கல். பீச், ஹார்ன் இருவருக்கும் பல நாட்டு நிலவியலாளர்கள் சேர்ந்து 1930-ல் எழுப்பியது. இந்த ஊருக்கு 1912-ல் இன்னொரு கூட்டம் வந்தது. பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் அந்த ஆண்டு டண்டீயில் கூடி முடித்ததும், ஐரோப்பிய நிலவியலாளர்கள் பலரை பீச்சும் ஹார்னும் இங்கே அழைத்துவந்து பாறை பாறையாகக் காட்டினார்கள். ஹோட்டல் முன்னால் எல்லோரும் நிற்கும் புகைப்படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. கட்டமைப்பு நிலவியலாளர்களின் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அந்தப் படமே இலக்கணம். அரங்கில் எவ்வளவு வாதாடினாலும், கடைசியில் பாறை முன்னால் போய் நின்று பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரியைத் தாண்டிக் கைல்ஸ்கூ பக்கம் போகும்போது, அன்அபூல் அருகே சாலையோரம் நின்றால் க்ளென்கூல் நீர்நிலையின் அக்கரை தெரியும். வெளிறிய குவார்ட்சைட் அடுக்குகள் சாய்வாக ஓட, அதன் மேல் கருத்த லூயிசியன் நைஸ் ஏறிக் கிடக்கிறது. நிழலும் வெயிலும் மாறி மாறி வந்ததால் எல்லைக்கோடு கண்முன்னே தெளிவதும் மங்குவதுமாக இருந்தது. தொலைவிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு தள்ளுப்பிளவைப் பார்க்கக் கிடைப்பது அரிது.

இன்னும் வடக்கே ஸ்கௌரியில் சாலை அந்த நைஸை வெட்டிக்கொண்டே போகிறது. 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பச்சைப் பழுப்பு மினுமினுப்பு. பல்லாவரம் கல்குவாரிகளில் சார்னோக்கைட் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது பழக்கமான நிறம். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இரண்டிலும் உண்டு. 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தச் சென்னைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்த காலத்தில், பீச்சும் ஹார்னும் இங்கே நடந்துகொண்டிருந்தார்கள்.

எரிபோலில் பென் அர்னபோல் என்ற சிறு குன்றின் மேல் ஏறினேன். லாப்வொர்த் ஏறிய குன்று. அங்கே பார்க்க வேண்டியது குழல்பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன், ஆழமில்லாத கடலின் மணலில் புழுக்கள் நேர்செங்குத்தாகத் துளை போட்டு வாழ்ந்தன. துளைகள் மணலால் நிரம்பி, மணல் குவார்ட்சைட்டாக இறுகிவிட்டது. கலங்காத இடங்களில் படுகையின் மேல்முகத்தில் விரல் பருமன் வட்டங்களாக, பக்கவாட்டில் நேர் குழல்களாக அவை தெரிகின்றன. தள்ளுப்பிளவை நெருங்க நெருங்கக் குழல்கள் சாயத் தொடங்குகின்றன. எல்லாம் ஒரே பக்கம், மேற்கு நோக்கி. வட்டங்கள் நீள்வட்டங்களாகின்றன. பிளவுக்கு மிக அருகே, எது குழல், எது படுகை என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே திசையில் இழுபட்டுக் கிடக்கின்றன.

வட்டமாக இருந்தது நீள்வட்டமாகியிருக்கிறது என்றால், நெட்டச்சையும் குற்றச்சையும் அளந்து, பாறை எந்தத் திசையில் எவ்வளவு நீண்டது, எவ்வளவு நசுங்கியது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். இந்த அளவீட்டைத் துறையின் அன்றாட வேலையாக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் ராம்சே. 1931-ல் பிறந்தவர். இங்கிருந்து தெற்கே லாக் மோனர் பகுதியில் ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு ஏறியிருப்பதை அலசி 1958-ல் கட்டுரை எழுதினார். 1967-ல் வந்த, பாறைகளின் மடிப்பையும் முறிவையும் பற்றிய அவருடைய நூல் 500 பக்கங்களைத் தாண்டியது. கட்டமைப்பு நிலவியல் கண்ணால் பார்த்து விவரிக்கும் துறையாக மட்டும் இருந்தது போதும், கணக்குப் போடும் துறையாகவும் ஆகட்டும் என்று அந்த நூல் காட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும், லீட்ஸிலும், சூரிக்கிலும் கற்பித்தார். செல்லோ வாசிப்பார். 2021-ல் மறைந்தார். அவர் பெயரிலுள்ள பதக்கம் அப்போதுதான் ஆய்வேடு முடித்த ஒருவரிடம் போவது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அவருடைய லாக் மோனர் கட்டுரையும் இளம் வயது வேலைதானே.

இதே எரிபோல் பகுதியை வரைந்த இன்னொருவர் ஹென்றி காடெல். அவர் களத்தில் கண்டதைப் பெட்டிக்குள் செய்து பார்க்க நினைத்தார். 1880-களின் பிற்பாதியில், ஒரு பக்கச் சுவரைத் திருகாணியால் உள்ளே தள்ளக்கூடிய ஒரு பெட்டி செய்து, ஈர மணல், களிமண், பாரிஸ் சாந்துத் தூள் எல்லாம் அடுக்கி நெருக்கினார். அடுக்குகள் வெட்டுப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. லாப்வொர்த் பாறையில் கண்ட அதே வடிவம் மேசை மேல் வந்து நின்றது. இன்று எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் மணலைப் பெட்டியில் நெருக்கிக் கேமராவால் படம் எடுக்கிறார்கள். ஜனவரிக் கூட்டங்களில் அந்தப் படங்கள் திரையில் ஓடும்போது, காடெலின் திருகாணிப் பெட்டிதான் அவற்றுக்கு மூத்தது.

1970-களிலும் 80-களிலும் மறுபடி இந்த வட்டாரம் சூடுபிடித்தது. கனடாவின் ராக்கி மலைகளில் எண்ணெய் தேடியவர்கள், ஒரு குறுக்குவெட்டை வரைந்தால் அதை மடிப்பு நீக்கி விரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும், முடியாவிட்டால் படம் தப்பு என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். டேவிட் எலியட்டும் மைக்கேல் ஜான்சனும் 1980-ல் அதை மோய்னுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். லீட்ஸிலிருந்து மைக் கோவர்ட் மாணவர்களோடு வந்து பிளவு பிளவாக மறுபடி நடந்தார். நூறாண்டுக்கு முந்தைய வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டுதான் அவர்கள் எல்லோரும் தொடங்கினார்கள். விளக்கம் மாறியது, பீச்சும் ஹார்னும் போட்ட கோடுகளில் பெரும்பாலானவை அப்படியே நின்றன. கோட்பாடு காலத்துக்குக் காலம் மாறும். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த படம் அடுத்த கோட்பாட்டுக்கும் பயன்படும்.

மாலையில் இன்ச்னடாம்ஃப் விடுதிக்குத் திரும்பியபோது சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடங்கள். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள். பிரிட்டனில் நிலவியல் படிப்பவர்கள் கோடையில் சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கி, தாங்களே நடந்து, ஒரு பகுதியின் நிலவியல் வரைபடத்தை முழுதாகப் போட வேண்டும். காலணிகள் அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் பகலில் பென்சிலால் குறித்ததை மெல்லிய பேனாவால் மையிட்டுக்கொண்டிருந்தார். அது அன்றன்று இரவே செய்ய வேண்டிய வேலை. மறுநாளைக்கு விட்டால் மழையும் விரலும் பென்சிலை அழித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். நாற்காலியை நகர்த்திக்கொடுத்தார்.

அஞ்சலட்டை அளவுள்ள தாள் நிறையச் சிறு சிறு அம்புகள். பாறை எந்தத் திசையில் சாய்கிறது, எத்தனை பாகை என்று ஒவ்வொன்றிலும் எண். நேரில் பாறை தெரிந்த இடத்தில் மட்டும் அடர்நிறம்; ஊகித்த இடத்தில் வெளிர்நிறம். பாறைகளின் எல்லை கண்ணால் கண்ட இடத்தில் முழுக்கோடு, ஊகித்த இடத்தில் துண்டுக்கோடு. தாளின் வடகிழக்கு மூலையில் துண்டுக்கோடு நீளமாக ஓடியது.

"இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தூரம் துண்டுக்கோடு?" என்றேன்.

"நடுவில் சதுப்பு. இந்தப் பக்கம் குவார்ட்சைட், அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல். நடுவே பழுப்பு நிறப் படுகை ஒன்று வரவேண்டும். அது இருந்தால் இது சாதாரண எல்லை. இல்லாவிட்டால் தள்ளுப்பிளவு இந்த வழியாகப் போகிறது என்று அர்த்தம். பார்க்காமல் நான் எப்படிச் சொல்வது?"

ஜான்ஸ்டன் பரிசு பற்றிக் கேட்டேன். தெரியும் என்றார், அவர்கள் துறையில் மேல் வகுப்பு மாணவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். தன் படம் அந்த அளவுக்கு வருமா என்று தெரியாது, இப்போதைக்கு இந்த மூலை முடிய வேண்டும் என்றார். நம் ஊர்க் கல்லூரிகளிலும் மாணவர்கள் இப்படிப் படம் போடுகிறார்கள். அந்தப் படத்துக்கென்றே நாடறிய ஒரு பரிசு இருந்தால், வெயிலில் நடக்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்.

மறுபடி தாளைக் காட்டினார். சதுப்பின் கீழ்க்கரையில் மெல்லிய நீலக்கோடாக ஓர் ஓடை.

"ஓடை கரையை அறுத்திருக்கும். பாறை வெளியே தெரியலாம். நாளைக் காலையில் அங்கேதான் போகிறோம்."

"நாளைக்கு நல்ல மழை என்கிறார்களே."

"நல்லதுதான். பாறை நனைந்தால் அதில் இருக்கிற வரி இன்னும் தெளிவாகத் தெரியும்."